எஸ்ஏடி மதிப்பெண்ணை அனுப்பலாமா, வேண்டாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். மகளுக்கு அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் 1420 (கணிதம் 770, ஆங்கிலம் 650). இன்ஜினியரிங் படிக்க மிச்சிகன், பர்டூ, கொலம்பியா, யூசி சான் டியாகோ நான்குக்கும் விண்ணப்பிக்கிறாள். மதிப்பெண் கட்டாயமில்லை என்கிறார்களே, அனுப்பலாமா?

பதில்: முதலில் பட்டியலைப் பிரித்துவிடுவோம். பர்டூ மதிப்பெண் கேட்கிறது. அனுப்பித்தான் ஆக வேண்டும். யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்கள் எதுவும் சேர்க்கையில் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. உண்மையில் யோசிக்க வேண்டியது மிச்சிகனுக்கும் கொலம்பியாவுக்கும்தான். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. எம்ஐடி 2022-லும் ஹார்வர்டு 2024-லும் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கின. அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை அந்தந்தக் கல்லூரித் தளத்திலேயே ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையில் சி9 என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். சேர்ந்த மாணவர்களில் நடுவில் உள்ள 50 சதவீதத்தினரின் மதிப்பெண் எதிலிருந்து எதுவரை என்று அதில் இருக்கும். எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். பெற்றோர் பலர் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிப்பதில்லை. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் அனுப்பாமல் விட்டுவிடுவதால், வெளியாகும் வரம்பு இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது. பாதிப் பேர்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றால், கீழ் எல்லையைக் கண்டு மிரள வேண்டாம்.

மிச்சிகனில் அந்த வரம்பு சுமார் 1350 முதல் 1530 வரை. உங்கள் மகளின் 1420 அதற்குள் வருகிறது. இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் கணிதத்தின் 770 தனியாகவே பேசும். அனுப்புங்கள். கொலம்பியாவில் கீழ் எல்லையே 1500-க்கு மேல். அங்கே பொதுவாக அனுப்ப வேண்டாம் என்பேன்.

‘பொதுவாக’ என்று சொல்லக் காரணம் உண்டு. டார்ட்மவுத் கல்லூரி 2024-இல் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியபோது, அங்குள்ள பேராசிரியர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. வசதி குறைந்த பின்னணி மாணவர்கள் பலர், அனுப்பியிருந்தால் தங்களுக்குக் கைகொடுத்திருக்கும் மதிப்பெண்ணை மறைத்துவிட்டார்கள் என்றது அது. கல்லூரிகளில் சேர்க்கையை முடிவு செய்பவர்கள் எண்ணை மட்டும் பார்க்காமல், மாணவர் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மகளின் பள்ளியில் பெரும்பாலோர் 1100-ஐ ஒட்டி எடுக்கிறார்கள் என்றால் 1420 பெரிய விஷயம். கொலம்பியாவுக்கும் அனுப்புவது பற்றி யோசிக்கலாம். 1500 சகஜமான பள்ளி என்றால் வேண்டாம். பள்ளியின் சராசரி பள்ளி கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) இருக்கும், கேளுங்கள்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக முடிவு செய்யலாம். ஒன்றுக்கு அனுப்பி இன்னொன்றுக்கு விடுவதில் தவறில்லை. ஆனால் சில பள்ளிகள் டிரான்ஸ்கிரிப்டிலேயே (பள்ளி மதிப்பெண் பட்டியல்) எஸ்ஏடி மதிப்பெண்ணை அச்சிட்டு அனுப்பிவிடும். மகளின் டிரான்ஸ்கிரிப்டில் அது இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து, இருந்தால் நீக்கித் தரச் சொல்லுங்கள்.