தூக்கிய கை தானாக இறங்குகிறது: வால்வா, சிலிண்டரா?

உப்புவெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடரின் (மண் அள்ளும் சிறு இயந்திரம்) கை, தூக்கி நிறுத்தியபின் மெல்ல இறங்குகிறது, கட்டுப்பாட்டு வால்வின் ஓ-ரிங்குகளை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. ஸ்பூலின் (வால்வின் துளைக்குள் நகர்ந்து எண்ணெயின் வழியை மாற்றும் தண்டு) முனைகளிலுள்ள அந்த ரப்பர் ரிங்குகள் எண்ணெய் வெளியே கசியாமல் தடுப்பவை மட்டுமே. உள்ளே சுமையைப் பிடித்து வைப்பது ஸ்பூலுக்கும் துளைக்கும் இடையிலுள்ள சில மைக்ரோன் நெருக்கம். அது தேய்ந்தால் ரிங் உதவாது.

முதலில் கையைத் தூக்கும் இரு சிலிண்டர்களைச் சோதியுங்கள். கையை முழுதாக உயர்த்தி, இரும்புத் தாங்கியைப் பூட்டுங்கள். தாங்கியின்றி அதன் கீழே தலையை நீட்டவே வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்து, ஒரு சிலிண்டரின் தண்டுப் பக்கக் குழாயைக் கழற்றி, குழாயின் வாயை மூடி அடைத்துவிடுங்கள். மீண்டும் இயக்கி, லீவரை உயர்த்தும் பக்கம் பிடியுங்கள். சிலிண்டரின் திறந்த வாயில் எண்ணெய் நிற்காமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. மற்றதையும் அப்படியே பாருங்கள். இரண்டிலும் வரவில்லையா? வால்வுதான்.

லீவரைத் தொட்ட கணத்தில் மட்டும் கை சற்றுத் தாழ்ந்து பிறகு எழுந்தால், எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வில் தூசு சிக்கியிருக்கலாம்.

நம் கடற்காற்றில் இன்னொரு தொல்லை. ஸ்பூலின் முனையை மூடும் ரப்பர் உறை கிழிந்தால் அங்கே துரு பொரிந்து, புதுச் சீலையும் அறுத்துவிடும். அதைச் சாண்ட்பேப்பரால் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பூலும் அதனதன் துளைக்கென்றே தீட்டப்பட்டது. கழற்றும்போதே அடையாளமிடுங்கள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.