பெயரும் பிறந்த ஆண்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 2024-இல் ஒஹாயோவில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. நாயகன் முருகேசன், மென்பொருள்காரன். பக்கத்து வீட்டில் 72 வயது பீட்டர். இளவயதில் யங்ஸ்டவுன் எஃகு ஆலையில் இருந்தவர், ஆலை மூடியபோது வேலை போனது. மனைவி ஸ்டெல்லா. 21 வயதுப் பேத்தி ரோஸி. ஆஸ்பத்திரியில் ஒரு கறுப்பின நர்ஸ், வயது 46, பெயர் மேரி. கூரை போட வரும் மெக்சிகோக்காரர் ஜோஸ். அலுவலகத்தில் மேலாளர் மிஸ்டர் ராபர்ட். பக்கத்து வீட்டு நாய் ஜிம்மி.

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் படித்துவிட்டு, “எல்லாரும் பாளையங்கோட்டைக்காரர்கள் மாதிரி இருக்கிறார்களே” என்றார். ஒருவருடைய பின்னணியையும் வாழ்க்கைமுறையையும் வைத்து அமெரிக்கப் பெயரை எப்படி முடிவுசெய்வது? நாய்ப் பெயரையும் மாற்ற வேண்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். பீட்டர், ஸ்டெல்லா, ரோஸி எல்லாம் மிஷனரிகள் வழியாக நம் ஊருக்கு வந்து, நம் சினிமாவில் நூறு தடவை புழங்கிய பெயர்கள். நமக்கு ‘வெள்ளைக்காரப் பெயர்’ என்றாலே அந்தப் பட்டியல்தான் நாக்கில் வருகிறது. அதில் பாதி பிரிட்டிஷ் வாடை.

நீங்கள் வாழ்க்கைமுறையிலிருந்து பெயருக்குப் போகப் பார்க்கிறீர்கள். எஃகு ஆலைக்காரனுக்கு முரட்டுப் பெயர், மேலாளருக்கு மிடுக்கான பெயர் என்று. ஆனால் பெயர் வைக்கும்போது அந்த ஆளுக்கு வாழ்க்கைமுறையே கிடையாது, தொட்டிலில் கிடக்கிறார். பெயர் காட்டுவது பெற்றோரை: அவர்கள் எந்த வருடம், எந்த ஊரில், எந்தக் கோயிலுக்குப் போய்க்கொண்டு, யாரைப் போல ஆக ஆசைப்பட்டார்கள் என்பதை. ஆளின் சொந்த வாழ்க்கை தெரிவது, மற்றவர்கள் அவரைக் கூப்பிடும் பெயரில்.

ஆகவே முதலில் பிறந்த வருடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் 1880 முதல் ஆண்டுவாரியாகக் குழந்தைப் பெயர்கள் எண்ணிக்கையோடு கிடைக்கின்றன. 1910-இலிருந்து மாநிலவாரியாகவும் உண்டு. ஒரு வருடத்தில் 5 குழந்தைகளுக்காவது வைத்த பெயர் என்றால் பட்டியலில் இருக்கும். அங்கே போனதும் எல்லாரும் செய்யும் தவறு, முதல் பத்திலேயே எல்லாப் பாத்திரத்துக்கும் பெயர் எடுப்பது. பத்துப் பாத்திரம் இருந்தால் இரண்டு மூன்றை அங்கே எடுங்கள், மீதியை 20-ஆம் இடத்துக்கும் 100-ஆம் இடத்துக்கும் நடுவில் தேடுங்கள். 1880-இல் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான். இன்று முதலிடத்தில் இருக்கும் லியம் நூற்றுக்கு ஒன்றைத்தான் ஒட்டி நிற்கிறது. அதனால் வயதான பாத்திரங்களில் ஒரே பெயர் இருவருக்கு வரலாம், சின்னப் பிள்ளைகளில் அப்படி வந்தால்தான் வினோதம்.

பட்டியலில் சில பொறிகளும் உண்டு. சமூகப் பாதுகாப்பு எண் வழங்கத் தொடங்கியது 1936 கடைசியில்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பிக்கவே இல்லை, ஆகவே பழைய எண்ணிக்கைகள் குறைபட்டவை. அமெரிக்காவில் பிறந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள், உங்கள் கூரைக்காரர் அதில் இருக்க மாட்டார். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனிப் பெயராக எண்ணப்படும். 1955-இல் பெண்களில் இரண்டாமிடமும் நான்காமிடமும் ‘டெபரா’தான், நீளமாக எழுதுவது ஒன்று, சுருக்கி எழுதுவது ஒன்று. கூட்டிப் பார்த்தால்தான் அந்த வருடம் எத்தனை டெபி பிறந்தாள் என்பது புரியும்.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிறந்தது 1952. பீட்டர் என்பது தப்பில்லை, அந்த வருடம் ஆயிரக்கணக்கான பீட்டர்கள் பிறந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் அவரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. யங்ஸ்டவுன் ஆலைகளில் ஸ்லோவாக், இத்தாலிய, ஐரிஷ் குடும்பங்கள் ஏராளம். இவரை ஸ்லோவாக் கத்தோலிக்கர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர் கோவாச், கொல்லன் என்று பொருள். தாத்தா ஒண்ட்ரேய், அப்பா ஆண்ட்ரூ, இரண்டும் ஒரே பெயர்தான், கடல் தாண்டியதும் உருமாறியது. அந்த ஆண்ட்ரூ ஆலையில் வேலைபார்க்கிறார், சனிக்கிழமை சினிமாவுக்குப் போகிறார், மகன் முழு அமெரிக்கனாக வளர வேண்டும் என்று நினைக்கிறார். ‘கேரி’ என்று வைப்பார்.

கேரி ஏன் என்றால், நடிகர் கேரி கூப்பரின் இயற்பெயர் ஃப்ராங்க். அவருடைய முகவர் தன் சொந்த ஊரான இண்டியானாவின் கேரியை நினைத்து அந்தப் பெயரைச் சூட்டினார். அந்த ஊருக்குப் பெயர் வந்தது யு.எஸ். ஸ்டீல் நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியிடமிருந்து. எஃகு முதலாளியின் குடும்பப் பெயர் ஊராகி, ஊர் நடிகராகி, நடிகர் எஃகுத் தொழிலாளியின் பிள்ளையானது. இந்தச் சங்கிலியை நாவலில் சொல்லவே வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நடுப்பெயரையும் யோசியுங்கள். கேரி என்று ஒரு புனிதர் இல்லை. 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, பெற்றோர் கொடுத்தது கிறிஸ்தவப் பெயராக இல்லாவிட்டால் குருவானவர் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து ஞானஸ்நானம் தர வேண்டும். 1983-இல்தான் அது தளர்ந்தது. ஆக அவர் முழுப் பெயர் கேரி ஜோசப் கோவாச். அம்மா கோபமாக இருக்கும்போது மட்டும் மூன்றையும் சேர்த்துக் கூப்பிட்டிருப்பாள். யங்ஸ்டவுனின் பெரிய எஃகு ஆலையான காம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போனது. அன்று கேரிக்கு 25 வயது. வருடம் சரியாக அமைந்திருக்கிறது, மாற்றிவிடாதீர்கள்.

ஸ்டெல்லா 70 வயதுக்காரிக்கு ஒட்டாது. 1910 வாக்கில் பிறந்த பாட்டிக்குப் பொருந்தும், 2010-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கும் பொருந்தும், நடுவில் அந்தப் பெயர் தூங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பெண் பெயர்களுக்கு இது வழக்கம். அம்மா தலைமுறைப் பெயர் அலுப்பூட்டும், பாட்டி பெயர் கிழட்டுப் பெயராகப் படும், கொள்ளுப்பாட்டி பெயர் மறுபடி அழகாகிவிடும். கேரியின் மனைவி டெபி, டோனா, கேத்தி, சூசன் என்று ஏதாவது ஒன்று. லிண்டா என்றால் ஐந்தாறு வயது கூட்டுங்கள். ‘லிண்டா’ என்ற பாட்டு பிரபலமான 1947-இல் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள்.

பேத்தி பிறந்தது 2003. அந்த வருடம் எமிலி முதலிடம். மேடிசன் மூன்றாமிடம். இந்த மேடிசன் நியூயார்க் தெருப் பெயர். 1984-இல் வந்த ஒரு படத்தில் கடற்கன்னி தெருப்பலகையைப் பார்த்துத் தனக்கே சூட்டிக்கொண்டாள், பார்த்தவர்கள் சிரித்தார்கள், இருபது வருடத்துக்குள் வகுப்புக்கு இரண்டு மேடிசன். ஒஹாயோத் தொழிலாளி வீட்டுப் பேத்திக்கு நான் கேட்லின் என்று வைப்பேன். ஐரிஷில் அதன் உச்சரிப்பு கேத்லீனை ஒட்டியது. அமெரிக்கர்கள் எழுத்தைப் பார்த்து வாசித்ததில் கேட்லின் ஆகிவிட்டது, பிறகு அதை ஐந்தாறு விதமாக எழுத ஆரம்பித்தார்கள். காப்பிக் கடையில் கோப்பையில் பெயர் எழுதும் பையனிடம் அவள் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு நிற்பதை ஒரு வரியில் வைத்தால், அந்தத் தலைமுறையே வந்துவிடும்.

நர்ஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். பிறந்தது 1978. 1960-களின் கடைசியில் கறுப்பின உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, அடிமை எஜமானர்கள் விட்டுப்போன பெயர்கள் வேண்டாம் என்ற எண்ணம் பரவியது. அரபு, சுவாஹிலிப் பெயர்கள் வந்தன: ஜமால், மாலிக், ஆயிஷா, இமானி. கூடவே ‘ல’, ‘டி’ முன்னொட்டு சேர்த்துப் புதிதாகப் படைத்த பெயர்கள்: லடோயா, லகீஷா, டிஷான். ஆகவே டமீகா, கீஷா, எபனி பொருந்தும். அதே வருடம் பிறந்த நிக்கோல், மிஷெல், ஏஞ்சலாக்களும் கறுப்பினத்தவரில் நிறைய. எல்லாக் கறுப்பினப் பாத்திரத்துக்கும் ‘ல’ போட்டால் அது கேலிச்சித்திரம். தலைமுறையை அடுக்கிப் பாருங்கள்: அலபாமாவிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த பாட்டி வில்லி மே, 1955-இல் பிறந்த அம்மா பிரெண்டா, இவள் டமீகா, 2005-இல் பிறந்த மகன் ஜெய்லன். நான்கே பெயரில் நூறு வருடம்.

அந்தப் பெயருக்கு ஒரு விலையும் உண்டு. தமிழரான பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் மரியன் பெர்ட்ராண்டும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், முடிவு 2004-இல் வெளியானது. எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. லகீஷா, ஜமால் போன்றவற்றுக்குப் பதினைந்து தேவைப்பட்டது. தகுதி ஒன்றுதான். டமீகா தன் மகளுக்கு ஆஷ்லி என்று வைத்திருந்தால், அதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம்.

கூரைக்காரர் ஜோஸ் என்றால் திருச்சூர்க்காரர். மெக்சிகோக்காரர் ஹொசே. தனி ஹொசேயை விட ஹொசே லூயிஸ், ஹுவான் கார்லோஸ் என்று இரட்டையாக எழுதினால் இன்னும் நம்பகம். கூட வேலைசெய்கிறவர்கள் முழுப்பெயர் சொல்ல மாட்டார்கள்: ஹொசே பெப்பே ஆவார், ஃப்ரான்சிஸ்கோ பாக்கோ ஆவார், ஹெசூஸ் சூய் ஆவார். ஆம், ஏசு என்று ஆளுக்குப் பெயர் வைப்பது அங்கே சகஜம். அமெரிக்காவில் பிறந்த அவர் மகன் கெவின், பிரையன், டேனியல் என்று இரண்டு மொழியிலும் வாயில் நுழையும் பெயரோடு இருப்பான்.

மேலாளருக்கு ஐம்பது வயது என்றால் 1974. ஜேசன், பிரையன், ஸ்காட், ஜெஃப். ராபர்ட் கூடத் தப்பில்லை, ஆனால் அந்த வயதுக்காரர் ‘ராப்’. ‘பாப்’ என்றால் கேரி வயது. முழுக்க ராபர்ட் என்றே சொல்லச் சொல்கிறவர் கொஞ்சம் விறைப்பான ஆள். அப்பாவின் பெயரையே அப்படியே வைத்துக்கொண்ட மூன்றாம் தலைமுறைப் பணக்கார வீட்டுப் பிள்ளை என்றால் ‘ட்ரே’ என்பார்கள், மூன்று என்று பொருள். நைஜல், கிளைவ் பக்கம் போகாதீர்கள், அவர்கள் லண்டன்காரர்கள்.

‘மிஸ்டர் ராபர்ட்’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். மிஸ்டர் குடும்பப் பெயரோடுதான் வரும். ஒஹாயோ அலுவலகத்தில் மேலாளரை வெறும் ராப் என்றுதான் கூப்பிடுவார்கள், முருகேசனுக்கு முதல் மாதம் நாக்கு கூசும். தெற்கு மாநிலங்களில் மட்டும் வயதான பெண்ணை ‘மிஸ் டெபி’ என்று முதல் பெயரோடு மரியாதையாக அழைப்பது உண்டு, நம் ‘டெபி அம்மா’ மாதிரி.

முருகேசன் பெயரையும் சும்மா விட்டுவிட்டீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயராக இருந்தால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சடித்திருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அவரை “ஃபெனு” என்று கூப்பிடுவார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக நிரப்பியிருந்தால், தபால்கள் எல்லாம் ‘மிஸ்டர் சுப்பையா’வுக்கு வரும். மகளுக்கு யாழினி என்று வைக்கும் ஆசை இருந்தால், ‘ழ’வுக்கு நாம் ஆங்கிலத்தில் எழுதும் இரண்டெழுத்தைப் பள்ளி ஆசிரியை எப்படி வாசிப்பாள் என்ற பேச்சு வீட்டில் ஒருநாளாவது நடந்திருக்கும். மாயா, லீலா, நீனா என்று இரண்டு பக்கமும் உதைக்காத பெயர்களைப் பலர் தேர்ந்தெடுப்பது இதனால்தான். கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் 1964-இல் மூத்தவளுக்குக் கமலா என்றும் 1967-இல் இளையவளுக்கு மாயா என்றும் வைத்தார். இன்றும் தவறாக உச்சரிக்கப்படுவது மூத்தவளின் பெயர்.

எழுதி முடித்ததும் எல்லாப் பெயரையும் ஒரு தாளில் எழுதி உரக்க வாசியுங்கள். தமிழில் டெபியும் டோனாவும் டமீகாவும் ஒரே எழுத்தில் தொடங்கினால் பத்தாவது பக்கத்தில் வாசகர் குழம்புவார். நான் டெபியை வைத்துக்கொண்டு, நர்ஸை எபனி ஆக்கிவிடுவேன்.

நாய்க்கு வருவோம். ஜிம்மியும் டாமியும் நம் தெரு நாய்கள், அங்கே ஜிம்மி ஒரு முன்னாள் ஜனாதிபதி. பொதுவாக இப்போது பெல்லா, லூனா, மேக்ஸ், கூப்பர் என்று வைக்கிறார்கள். ஆனால் இந்த நாய் கேரியுடையது, அந்த வீட்டில் அவரே யோசித்து வைத்த பெயர் இது ஒன்றுதான். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 1985-இலிருந்து ஆடிய பெர்னி கோசார் யங்ஸ்டவுனில் பிறந்தவர். பெர்னி என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து “பெர்னி!” என்று கத்தல் கேட்டால், அவர் திட்டுவது நாயையா, டிவியையா என்று முருகேசனுக்குப் புரியாது.