பென் நெவிஸ் உச்சியில் மூடுபனி வந்தால்

ஏப்ரல் கடைசியில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் ஏறும்போது மூடுபனி சூழ்ந்தால் கைபேசி வரைபடம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும், நனைந்த திரை விரலுக்கு மசியாது.

உயரம் 1,345 மீட்டர்தான். ஆனால் நடை கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. கீழே வசந்தம் வந்திருந்தாலும் மேலே அந்த மாதத்தில் பாதையே தெரியாதபடி பனி உறைந்து கிடப்பது சகஜம். உண்மையான சிக்கல் இறங்கும்போதுதான். ஒரு பக்கம் கார்டிலூ கல்லி, அதற்குப் பயந்து அதிகம் விலகினால் மறுபக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி. இரண்டுமே உயிர்களைக் குடித்த பள்ளங்கள்.

அதனால் காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர், அப்புறம் 282 பாகையில் செங்குத்துப் பகுதியைத் தாண்டும் வரை. இது வரைபடக் கட்டங்கள் காட்டும் வடக்கை வைத்த கணக்கு, திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கை வைத்தது அல்ல. அந்த 150 மீட்டரைக் குத்துமதிப்பாக நடக்காதீர்கள். 100 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை காலடி என்று இப்போதே எண்ணிப் பழகுங்கள். உறைந்த பனியில் காலடி குறுகும், எண்ணிக்கை கூடும்.

பனிக்கோடரியும் கிராம்பானும் (காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) பழக்கமில்லை என்றால்? சரி, பயணத்தை ஜூலைக்குத் தள்ளுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.