கோலம் மறக்கல, காபி மறந்துடுச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க மாமியாருக்கு 74 வயசு. காலைல காபி குடிச்ச அரை மணி நேரத்துல "எனக்கு இன்னும் காபியே குடுக்கலயே"ன்னு கேக்கறாங்க. ஆனா மார்கழில வாசல்ல 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி வச்சு ஒரு கோடு தப்பாம போடறாங்க. "கோலம் ஞாபகம் இருக்கு, காபி இல்லயா, எல்லாம் நடிப்பு"ங்கறாங்க நாத்தனார். எது நிஜம்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நடிப்பு இல்லம்மா. நாத்தனார்கிட்ட இந்தப் பக்கத்தையே நீட்டிடுங்க. காபி ஞாபகமும் கோல ஞாபகமும் மூளைல ஒரே எடத்துல இல்ல, நாமதான் எல்லாத்துக்கும் ஞாபகம்னு ஒரே பேர வச்சுட்டு குழப்பிக்கறோம்.

இது உலகத்துக்கே தெரிஞ்சது ஒரு மனுஷனாலதான். அமெரிக்காவுல ஹென்றி மொலாய்சன்னு ஒருத்தர், அவர் சாகற வரைக்கும் வெளில எச்.எம்.னு இனிஷியல் மட்டும்தான் தெரியும். தாங்க முடியாத வலிப்பு. 1953ல, அவருக்கு 27 வயசு இருக்கறப்போ, வில்லியம் ஸ்கோவில்ங்கற சர்ஜன் வலிப்ப நிறுத்தறதுக்காக மூளைல ரெண்டு பக்கமும் இருக்கற ஹிப்போகேம்பஸ்ங்கற பாகத்தோட பெரும்பகுதியயும் அத ஒட்டின பகுதியயும் எடுத்துட்டார் (பாக்க கடல்குதிரை மாதிரி இருக்கறதால கிரேக்கத்துல அந்தப் பேரு). வலிப்பு கொறஞ்சுது, ஆனா அன்னிலேருந்து புதுசா எதுவும் மனசுல தங்கல. சின்ன வயசுக் கதை சொல்வார், பேச்சு தெளிவு, புத்தி தெளிவு, ஆனா பிரெண்டா மில்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா வந்து பாத்தும் ஒவ்வொரு தடவையும் "நீங்க யாரு?"ன்னுதான் ஆரம்பம்.

அந்த மில்னர் ஒரு நாள் பேப்பர்ல ரெட்டைக் கோட்டுல ஒரு நட்சத்திரத்த வச்சு, நேரா பாக்காம கண்ணாடில மட்டும் பாத்து ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சில ஓட்டுங்கன்னாங்க. செஞ்சு பாருங்க, கை எதிர்ப்பக்கமா இழுக்கும். மூணு நாள் திருப்பித் திருப்பி செஞ்சார், தப்பு கொறஞ்சுட்டே வந்துது. மூணாவது நாள் ரொம்ப நல்லாவே போட்டார், ஆனா இதுக்கு முன்னாடி போட்டதா அவருக்குத் துளி ஞாபகம் இல்ல! கைக்குத் தெரியுது, ஆளுக்குத் தெரியல.

உங்க மாமியார் கோலம் அந்த ரகம். சைக்கிள், தையல், நீச்சல் எல்லாம் இதுதான், இத செயல் நினைவும்பாங்க, மூளைல இதுக்கு வேற பாதை. "இன்னிக்கு காலைல நான் காபி குடிச்சேன்"ங்கறது நிகழ்வு நினைவு, அதுக்கு கடல்குதிரை வேணும். காபி கசக்கும், கும்பகோணத்துல மகாமகக் குளம் இருக்குங்கறது பொருள் நினைவு, எப்போ கத்துக்கிட்டோம்னே தெரியாது, ஆனா தெரியும். இந்தக் கடைசி ரெண்டயும் 1972ல பிரிச்சுக் காட்டினவர் எண்டெல் டல்விங்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர்.

அல்சைமர் மாதிரி வியாதில பெரும்பாலும் முதல்ல அடிவாங்கறது ஹிப்போகேம்பஸ் பக்கம்தான், அதனால நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. பயப்படவும் வேணாம், பி12 கம்மியா இருந்தாலோ தைராய்டு கோளாறு இருந்தாலோ கூட மறதி வரும், அதெல்லாம் மருந்துல சரி பண்ணக்கூடியது. அதுவரைக்கும் "இப்பத்தான குடிச்சீங்க"ன்னு வாதாடாதீங்க, குடிச்ச டம்ளர கழுவாம பக்கத்துலயே வச்சுடுங்க.

கேள்வி: ஓடிபி பாத்துட்டு டைப் பண்றதுக்குள்ள மறந்துடுது. வயசு 32தான், எனக்கும் அந்த மாதிரி எதாவதா?
(ஒரு வாசகர், ஆவடி)

பதில்: இல்ல சார். ஓடிபி போய் உக்கார்றது ஒரு சின்ன திண்ணை, நாலு பேர் உக்காந்தா அஞ்சாவது ஆள் ஒருத்தர தள்ளிட்டுதான் உக்காரணும். 1956ல ஜார்ஜ் மில்லர்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் ஏழு பேர் உக்காரலாம், ரெண்டு கூடலாம் கொறயலாம்னார், பின்னாடி வந்தவங்க நாலுகிட்டதான்னு இன்னும் கொறச்சுட்டாங்க. அதனாலதான் பத்து நம்பர் செல்லு நம்பர அஞ்சு அஞ்சா பிரிச்சு சொல்றோம். ஓடிபியயும் மூணு மூணா வாய்க்குள்ள முணுமுணுங்க. மேல சொன்ன ஹென்றி கூட 584ங்கற நம்பர விடாம மனசுல உருட்டிக்கிட்டே கால் மணி நேரம் வச்சிருந்தார், பேச்சு மாறின அடுத்த நிமிஷம் நம்பரும் போச்சு, நம்பர் ஒண்ணு இருந்துதுங்கறதும் போச்சு.

கேள்வி: எங்க கல்யாணம் 1996ல. பந்தில பாயசம் தீந்து போய் எங்கப்பா தலகுனிஞ்சு நின்னார்னு என் வீட்டுக்காரர் சத்தியம் பண்றார். அப்படி நடக்கவே இல்ல. யார் பொய் சொல்றது?
(ஒரு வாசகி, தேனி)

பதில்: ரெண்டு பேருமே பொய் சொல்லலன்னு வச்சுக்கங்க, எனக்கும் வம்பு வேணாம் பாருங்க. ஞாபகம் வீடியோ கேசட் இல்ல, ஒவ்வொரு தடவ எடுக்கறப்பவும் புதுசா சமைக்கறோம், அப்போ பக்கத்துல என்ன கெடக்குதோ அதுவும் குண்டான்ல விழுந்துடும். 1974ல எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்களுக்கு கார் மோதற படம் போட்டுக் காட்டி, சிலர்கிட்ட "அடிச்சு நொறுக்கினப்போ எவ்ளோ வேகம்"னும் சிலர்கிட்ட "தொட்டப்போ எவ்ளோ வேகம்"னும் கேட்டாங்க. ஒரே படம்தான், நொறுக்கினதுக்கு சராசரியா மணிக்கு 40.8 மைல் சொன்னாங்க, தொட்டதுக்கு 31.8. இன்னொரு சோதனைல ஒரு வாரம் கழிச்சு "கண்ணாடி ஒடஞ்சு கெடந்துதா?"ன்னு கேட்டா, நொறுக்கின வார்த்தய கேட்டவங்க 50 பேர்ல 16 பேர் ஆமான்னாங்க. படத்துல ஒடஞ்ச கண்ணாடியே கெடயாது.

மாப்ள வீட்டு சித்தப்பாவோ பெரியப்பாவோ ஊருக்குத் திரும்பறப்போ "பாயசம் கூட பத்தலப்பா"ன்னு ஒரு வார்த்த சொல்லிருப்பார், அது இத்தன வருஷத்துல உங்கப்பா தலகுனிஞ்ச சீனா வளந்திருக்கும். இல்லன்னா நிஜமாவே தீந்திருக்கும், நீங்க மணவறைலேருந்து எறங்கவே இல்லயோ என்னமோ. கல்யாண கேசட் பரண்ல கெடந்தா எறக்குங்க, பந்திய எடுக்காத வீடியோக்காரர் உண்டா, ஆனா போடறதுக்கு முன்னாடி பந்தயத்த பேசி முடிச்சுக்கங்க.