உடல் எடையும் கிட்னியும்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு டயாலிசிஸ் நர்ஸின் பதில்கள்

அக்கா, சுகரும் பிரஷரும் இல்லை. வெறும் எடையால் கிட்னி கெடுமா? (பாலக்கோடு)

கெடும் தம்பி. ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. உடம்பு பெருத்தாலும் அவை புதிதாக முளைப்பதில்லை. இருப்பவையே கூடுதலாக உழைத்து, வீங்கி, தழும்பேறிப்போகும். சிறுநீரில் புரதம் ஒழுக ஆரம்பிக்கும். கலிபோர்னியாவில் 3.2 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. பி.எம்.ஐ (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25ஐத் தாண்டியவர்களுக்குக் கிட்னி செயலிழக்கும் அபாயம் கிட்டத்தட்ட 2 மடங்கு, 40ஐத் தாண்டியவர்களுக்கு 7 மடங்கு.

உயரம் 160 செ.மீ, எடை 62 கிலோ. கம்பெனி செக்கப்பில் நார்மல் என்றார்கள். (ஓசூர்)

உங்கள் பி.எம்.ஐ 24.2. 25 வரை நார்மல் என்பது மேல்நாட்டுக் கணக்கு. நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். உங்கள் உயரத்துக்கு 59 கிலோவோடு நிற்க வேண்டும். அதே எடையில் நம் ஆட்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். இடுப்பையும் அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ, பெண்ணுக்கு 80 செ.மீ தாண்டக் கூடாது.

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்குக் கிட்னி செயலிழப்பு அதிகமாமே, எடையாலா? (அரூர்)

வெள்ளையரைவிட 3 மடங்குக்கு மேல். எடை ஒரு காரணம்தான். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் வரும் ஏ.பி.ஓ.எல்.1 மரபணு மாற்றம் இன்னொன்று. அப்புறம் வறுமை, தாமதமான சிகிச்சை. இதில் ஓர் அநியாயமும் உண்டு: கறுப்பினத்தவர் என்றாலே கிட்னி நன்றாக இயங்குவதாகக் கூட்டிக் காட்டிய சூத்திரம் 2021இல்தான் மாற்றப்பட்டது. அதுவரை மாற்றுச் சிறுநீரக வரிசையில் அவர்கள் பின்தங்கினார்கள்.

அப்பா ஒல்லி, 48 கிலோ. களி தின்று காட்டு வேலை செய்பவர். சுகர் மட்டும் 10 வருஷமாக இருக்கிறது. அவருக்கும் கிட்னி டெஸ்ட் வேண்டுமா? (பென்னாகரம்)

உடனே டெஸ்ட் எடுங்கள். எங்கள் யூனிட்டுக்கு வந்த ஒரு பெரியவரும் இப்படித்தான், "நான் ஒல்லிதானேம்மா" என்றார். சட்டைப் பையில் பாதி தின்ற வலி மாத்திரை அட்டை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒருமுறைகூட எடுத்ததில்லை. கிட்னிக்காக ரத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்கு, கிட்னி தளர்ந்திருந்தாலும் அது நார்மலாகத் தெரியலாம். அதனால் ஆல்புமின் டெஸ்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த டெஸ்ட்டை எங்கே கேட்பது அக்கா? (சூளகிரி)

ஆரம்ப சுகாதார நிலையத்தில். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் உங்கள் சாமனப்பள்ளியில்தானே தொடங்கியது! வீட்டுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே விசாரியுங்கள்.