விச், தட் கேள்விகளில் காதை நம்பாதீர்கள்

"த கம்பெனி லாஸ்ட் இட்ஸ் லைசென்ஸ், விச் ஷாக்ட் இன்வெஸ்டர்ஸ்" ஏன் தப்பு, படிக்க நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் வாக்கியத்தைத் திருத்தச் சொல்லும் ஆங்கில இலக்கணத் தேர்வுகளில் விச் (which) தனக்கு முன்னால் உள்ள ஒரு பெயர்ச்சொல்லைத்தான் சுட்ட வேண்டும், முழு வாக்கியத்தையும் அல்ல. இங்கே ஒட்டி நிற்பது லைசென்ஸ். அதிர்ச்சி தந்தது லைசென்ஸா? இல்லை, அது பறிபோனது. அதனால் 'ஷாக்கிங் இன்வெஸ்டர்ஸ்' என்று முடியும் ஆப்ஷன்தான் சரி.

கமா விஷயம் சுலபம். விச் அல்லது தட் (that) என்று தொடங்கும் துணை வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தால் கமா போட்டு விச், தெரியாவிட்டால் கமா இல்லாமல் தட். வாக்கியத்தின் நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்ட ஆப்ஷனை அடித்துவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்ட 'ஒன் ஆஃப் த சயின்டிஸ்ட்ஸ் ஹூ ஸ்டடி', அதில் வர வேண்டியது ஸ்டடியா ஸ்டடீஸா என்பது. ஹூ சுட்டுவது சயின்டிஸ்ட்ஸை, அதனால் பன்மை வினை. முன்னால் 'தி ஒன்லி' சேர்ந்து வந்தால் மட்டும் ஸ்டடீஸ். வேண்டுமென்றே வைக்கிற பொறி இது, ஒருமை வினைதான் முதலில் கண்ணில் படும்.

ஹூவா ஹூமா என்றால், பின்னால் வரும் வினைக்கு வேறு எழுவாய் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஹூ. நடுவில் 'ஐ பிலீவ்' என்று செருகியிருந்தால் அதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்.