மெக்கர் முள் ஏன் மெல்ல ஏறுகிறது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போர்வெல்லிலிருந்து மேலே எடுத்த சப்மெர்சிபிள் மோட்டாருக்கு, கேபிளோடு சேர்த்து 500 வோல்ட் மெக்கர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்தேன். முதலில் 15 மெகா ஓம். ஒரு நிமிடத்தில் 40ஐத் தாண்டியது. மெக்கர் பழுதா? எந்த அளவைக் குறிப்பது? - வாசகர், பாலக்கோடு

பதில்: மெக்கரில் பழுதில்லை. அது அளப்பது மூன்று மின்னோட்டங்களின் கூட்டு. கேபிளும் மோட்டாரின் கம்பிச் சுற்றான காயிலும் சார்ஜ் ஆகும் முதல் ஓட்டம் சில நொடிகளில் அடங்கிவிடும். காப்புப் பொருளுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் மின்புலத்தின் திசைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். அதுவரை இரண்டாவது ஓட்டம் தேய்ந்துகொண்டே போகும். பிவிசி உறையில் இது நன்றாகவே தெரியும். ஓட்டம் குறையக் குறைய மெகா ஓம் ஏறும். எஞ்சி நிற்கும் மூன்றாவது ஓட்டமான கசிவுதான் நமக்கு வேண்டியது. எனவே 60ஆம் நொடி அளவைக் குறியுங்கள். கைமெக்கர் என்றால் அந்த ஒரு நிமிடமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் முள் ஆடும்.

இவ்வகை மோட்டாருக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகா ஓம் வேண்டும் என்பது ஐஇஇஇ 43 தரம் (மின் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வகுத்தது). காயில் சூடாக இருந்தால் குறைத்துக் காட்டும். 10 டிகிரி கூடினால் அளவு ஏறக்குறையப் பாதியாகும்.

முள் ஏறாமல் ஒன்றிரண்டு மெகா ஓமிலேயே நின்றால்தான் கவலை. ஈரக் கசிவு மற்ற இரண்டையும் மூழ்கடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே காயிலைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்குக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஜாயிண்டை வெட்டி, மோட்டாரையும் கேபிளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருந்தால் செலவு டேப்போடு முடியும். சோதனைக்கு முன் பேனலை (ஸ்டார்ட்டர் பெட்டி) இணைப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். முடிந்ததும் முனைகளை எர்த்தோடு சேர்த்து, சோதித்த நேரத்தைப் போல் நான்கு மடங்கு வையுங்கள். ஒரு தொடு தொட்டு எடுத்தால், திரும்பிய மூலக்கூறுகள் பழைய நிலைக்கு வரும்போது வோல்டேஜ் மறுபடி எழும்பும்.

கேள்வி: மோட்டாரின் ரன் கண்டன்சர் (ஓடும் நேரம் முழுவதும் இணைப்பில் இருப்பது) கை வைக்க முடியாமல் சுடுகிறது. மீட்டரில் 36 மைக்ரோஃபாரட் சரியாக இருக்கிறதே? - வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அந்த மீட்டர் கொள்ளளவைச் சொல்லும், இழப்பைச் சொல்லாது. 50 ஹெர்ட்ஸில் புலம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. கண்டன்சருக்குள் உள்ள காப்புப் பொருள் பின்தங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாகிறது. 36 மைக்ரோஃபாரடில் 400 வோல்ட் நின்றால் சுமார் 1,800 விஏ (வோல்ட், ஆம்பியர் பெருக்கல்). அதில் வெப்பமாகும் பங்கான இழப்புக் காரணி 0.001 என்றால் வெப்பம் 1.8 வாட், ஈரமேறி 0.01 ஆனால் 18 வாட். டப்பா தாங்காது, மாற்றுங்கள்.

புதியது 440 வோல்ட் ஏசியாக இருக்கட்டும். துணைக் காயிலின் தயவால் சப்ளையைவிட அதிக வோல்டேஜ் அதன்மேல் நிற்கும். சூடு முனையில் மட்டும் என்றால் லக்கை (வயர் நுனி இணைப்பு) இறுக்கினால் போதும். பக்கத்திலுள்ள ஸ்டார்ட் கண்டன்சர் சுட்டால் கதை வேறு: அது எலக்ட்ரோலைட்டிக், இழப்பு பல மடங்கு, சில நொடிகளில் இணைப்பிலிருந்து விலக வேண்டியது, அதைத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டதால் விலகவில்லை. கண்டன்சரை மட்டும் மாற்றினால் அதுவும் வெடிக்கும்.